அண்ணனின் ரிப்போர்ட்டில் இருக்கும் புரதங்கள் எவ்வளவு நாள் என்று சொல்லுமா?

கேள்வி: டாக்டர், என் அண்ணனுக்கு 49 வயது. மூளையில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். முழுசாக எடுக்க முடியவில்லை, கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று வந்திருக்கிறது. ஐடிஹெச்1 ஆர்132ஹெச் நெகட்டிவ், ஏடிஆர்எக்ஸ் இழப்பு இல்லை, கேஐ-67 35 சதவீதம், எம்ஜிஎம்டி புரதம் பாசிட்டிவ் என்றெல்லாம் போட்டிருக்கிறது. இன்னும் ரேடியேஷன் ஆரம்பிக்கவில்லை. கட்டியிலும் ரத்தத்திலும் உள்ள சில புரதங்களை அளந்து, யார் நீண்ட நாள் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்று ஒரு செய்தி படித்தேன். பணம் கட்டினால் அதைச் செய்து தர ஒரு லேப் தயாராக இருக்கிறது. செய்யலாமா? கேஐ-67 35 என்பது ரொம்ப மோசமா? அண்ணனிடம் எவ்வளவு சொல்வது? எனக்கும் என் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்:

சகோதரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த லேபில் பணம் கட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் உண்மையாகவே செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள் இன்னும் நடக்கவில்லை என்று தெரிகிறது. அவை புதுசும் இல்லை, செய்தியில் வருகிற மாதிரி பரபரப்பானவையும் இல்லை. அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது ஐடிஹெச். ஐடிஹெச்1 மரபணுவில் வரும் மாற்றம் மூளைக் கட்டிகளில் முக்கியம் என்பது 2008-ல்தான் தெரிய வந்தது. அதற்குப் பிறகு இந்த நோயைப் பிரிக்கும் முறையே மாறிவிட்டது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி ஐடிஹெச் மாற்றம் இல்லாத கட்டியைத்தான் கிளியோபிளாஸ்டோமா என்று சொல்ல வேண்டும். மாற்றம் இருந்தால், மைக்ரோஸ்கோப்பில் அதே மாதிரி தெரிந்தாலும், அதற்குப் பெயர் ஐடிஹெச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 4. 2009-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், அப்போது கிளியோபிளாஸ்டோமா என்றே அழைக்கப்பட்டவர்களில் மாற்றம் உள்ளவர்களின் நடுமதிப்பு ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 31 மாதம், இல்லாதவர்களுக்கு 15 மாதம் என்று வந்தது. அதாவது இரண்டும் வேறு வேறு நோய்கள்.

உங்கள் அண்ணன் ரிப்போர்ட்டில் 'ஆர்132ஹெச் நெகட்டிவ்' என்று இருப்பது ஒரு ஆன்டிபாடி வைத்துச் சாயமேற்றிப் பார்த்தது. அந்த ஆன்டிபாடி ஒரே ஒரு வகை மாற்றத்தால் உருவாகும் புரதத்தை மட்டும்தான் பிடிக்கும். மூளைக் கட்டிகளில் வரும் ஐடிஹெச் மாற்றங்களில் சுமார் பத்தில் ஒன்பது அந்த வகைதான், அதனால் சாதாரணமாக இதுவே போதும். மிச்சம் இருக்கிற பத்தில் ஒன்று இந்தச் சாயத்தில் தெரியாது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது மிக மிக அரிது என்பதால் அத்தோடு விட்டுவிடுவார்கள். 49 வயதுக்காரருக்கு அப்படி விடக்கூடாது, ஐடிஹெச்1, ஐடிஹெச்2 இரண்டு மரபணுக்களையும் சீக்வென்ஸிங் செய்து, அதாவது எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏடிஆர்எக்ஸ் இழப்பு இல்லை என்று இருப்பதால் மாற்றம் கிடைக்கும் வாய்ப்பு குறைவுதான் (ஐடிஹெச் மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமாக்களில் பெரும்பாலும் ஏடிஆர்எக்ஸ் புரதம் காணாமல் போயிருக்கும்). அதனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஆனாலும் நோயின் பெயரையே மாற்றக்கூடிய ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டுவிட்டு வேறு எதையும் அளப்பதில் அர்த்தம் இல்லை.

இரண்டாவது எம்ஜிஎம்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இதில்தான் இருக்கிறது.

அண்ணனுக்கு ரேடியேஷனோடு கொடுக்கப்போகும் மாத்திரை டெமோசோலோமைடாக இருக்கும். அது புற்றுநோய் செல்லின் டிஎன்ஏவில் குவானின் என்கிற எழுத்தின் மேல் ஒரு சின்ன மெத்தில் துண்டை ஒட்டிவிடும், அதனால் செல் சாகும். எம்ஜிஎம்டி என்கிற புரதம் அந்தத் துண்டைப் பிய்த்துத் தன் மேல் ஏற்றிக்கொண்டு டிஎன்ஏவைச் சரிசெய்துவிடும். ஒரு மூலக்கூறு ஒரு தடவைதான் இந்த வேலையைச் செய்யும், அதோடு அது முடிந்தது. ஆகவே இந்தப் புரதத்தை ஏராளமாகத் தயாரிக்கும் கட்டியில் மாத்திரை எடுபடாது, தயாரிக்க முடியாத கட்டியில் நன்றாக வேலை செய்யும். சில கட்டிகளில் இந்தப் புரதத்துக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியிலேயே (புரமோட்டர்) மெத்தில் துண்டுகள் ஒட்டி, அதாவது மெத்திலேஷன் ஆகி, மரபணு பூட்டப்பட்டுக் கிடக்கும். அது நோயாளிக்கு நல்லது.

2005-ல் வந்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. மெத்திலேஷன் ஆன கட்டி உள்ளவர்களில் ரேடியேஷனோடு டெமோசோலோமைடும் எடுத்தவர்களின் நடுமதிப்பு ஆயுள் 21.7 மாதம், ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களுக்கு 15.3 மாதம். மெத்திலேஷன் ஆகாதவர்களில் இது 12.7-ம் 11.8-ம். இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஜோடியில் மருந்து பெரிய வித்தியாசம் காட்டுகிறது, இரண்டாவதில் கொஞ்சம்தான். எவ்வளவு நாள் என்று சொல்வதோடு நிற்காமல் எந்த மருந்து யாருக்கு உதவும் என்றும் சொல்லும் குறியீடு இது. ஒரு குறியீட்டை நான் மதிப்பதே இந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான்.

அப்படியென்றால் எம்ஜிஎம்டி புரதம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறதே, மாத்திரை வேலை செய்யாது என்றுதானே அர்த்தம் என்று நீங்கள் கேட்கலாம். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வேலை செய்வது புரதம்தானே. ஆனால் கட்டிக்குள் கட்டியின் செல்கள் மட்டும் இல்லை. ரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள் இருக்கின்றன, நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவையும் இதே புரதத்தைத் தயாரிக்கின்றன. ஸ்லைடில் எல்லாம் பழுப்பு நிறத்தில் தெரியும்போது எது கட்டி, எது விருந்தாளி என்று கண்ணால் பிரிப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். மெத்திலேஷன் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இந்தச் சாய முறை சரியாக ஒத்துப்போகவில்லை. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரியை ஒதுக்கி வையுங்கள். 'எம்ஜிஎம்டி புரமோட்டர் மெத்திலேஷன்' என்று தனியாகச் செய்யச் சொல்லுங்கள். பிசிஆர் முறையிலோ பைரோசீக்வென்ஸிங் முறையிலோ செய்வார்கள். புதிதாக எதையும் உடம்பிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, ஆபரேஷனில் எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பதித்து ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும். பேராஃபின் பிளாக் என்று கேட்டால் புரியும்.

சரி, முடிவு கெட்டதாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? 49 வயதில், நடமாட்டம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள். ஏனென்றால் அதைவிட நன்றாக வேலை செய்யும் மாற்று இல்லை. 70 தாண்டிய, பலவீனமான ஒருவருக்கு இதே முடிவு வந்தால் நிலைமை வேறு, அங்கே ரேடியேஷன் மட்டுமா மாத்திரை மட்டுமா என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும். அண்ணன் விஷயத்தில் இது உதவப்போவது மூன்று இடங்களில். மெத்திலேஷன் இருந்தால் லோமஸ்டின் என்கிற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று டாக்டர் யோசிக்கலாம் (2019-ல் ஒரு ஜெர்மன் ஆய்வில் அப்படிச் சேர்த்தவர்களுக்கு 48.1 மாதம், வழக்கமான முறையில் 31.4 மாதம் என்று வந்தது. நல்ல செய்திதான், ஆனால் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 130 பேர்கூட இல்லை, அதனால் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை). மெத்திலேஷன் இல்லையென்றால் புது மருந்துகளுக்கான மருத்துவ ஆய்வில் சேர வழி இருக்கிறதா என்று இப்போதே விசாரிக்கலாம். அப்புறம், ரேடியேஷன் முடிந்து எடுக்கும் முதல் ஸ்கேனில் கட்டி பெரிதானது போலத் தெரிந்தால், அது நிஜ வளர்ச்சியா சிகிச்சையால் வந்த வீக்கமா என்று தீர்மானிக்கும்போது இந்த விவரம் கைகொடுக்கும். மெத்திலேஷன் ஆனவர்களிடம் அந்தப் பொய் வளர்ச்சி அதிகம் வருகிறது.

இனி கேஐ-67. இது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கைக் காட்டும் புரதம். 35 என்றதும் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும், எழுத்திலேயே தெரிகிறது. கிரேடு 4 கட்டியில் இந்த எண் அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் கிளியோபிளாஸ்டோமா என்று முடிவான பிறகு, 20 உள்ளவர் 35 உள்ளவரைவிட நீண்ட நாள் இருப்பார் என்று நம்பிச் சொல்லும்படி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எண்ணுகிற இடத்தைப் பொறுத்தும் அது மாறும்: ஒரே கட்டியில் ஒரு மூலையில் 15, இன்னொரு மூலையில் 40 என்று இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அதிகம் உள்ள இடத்தை எண்ணிப் போடுவார்கள். இந்த 35-ஐ வைத்து நீங்கள் நாட்களைக் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். புரதங்களை வைத்து ஆயுளைக் கணிக்கும் ஆய்வுகள் நிறைய வருகின்றன, அவை பொய் இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர் என்கிற கருவியில் ஒரு துளி மாதிரியிலிருந்து ஆயிரக்கணக்கான புரதங்களை அளக்க முடிகிறது. சில டஜன் நோயாளிகளின் மாதிரிகளை அளந்து, யார் சீக்கிரம் இறந்தார்கள், யார் நீண்ட நாள் இருந்தார்கள் என்று பிரித்து, இரண்டு கூட்டத்தையும் வேறுபடுத்தும் நாலைந்து புரதங்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆள் குறைவு, புரதம் ஆயிரக்கணக்கில் என்றால் தற்செயலாகவே சில புரதங்கள் அழகாகப் பிரித்துக் காட்டும். பரீட்சை முடிந்தபின் வினாத்தாளைப் பார்த்து 'முக்கியக் கேள்விகள்' புத்தகம் போடுகிற மாதிரி, அந்தப் பரீட்சைக்கு நூற்றுக்கு நூறு வரும். அடுத்த பரீட்சையில்தான் புத்தகத்தின் லட்சணம் தெரியும். வேறொரு ஆஸ்பத்திரியில், வேறு நோயாளிகளிடம், முன்கூட்டியே அறிவித்த அதே எல்லைக்கோட்டை வைத்துப் பரிசோதித்தார்களா என்று தேடினால், பல நேரம் இல்லை என்றுதான் இருக்கும்.

அது நடந்திருந்தாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. வயது, ஆபரேஷனில் எவ்வளவு எடுத்தார்கள், தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா, ஐடிஹெச், எம்ஜிஎம்டி. இந்த ஐந்தும் தெரிந்த ஒரு டாக்டருக்கு அந்தப் புரத ஸ்கோர் கூடுதலாக என்ன சொல்கிறது? இளையவர்களிடமும் கட்டி முழுசாக எடுக்கப்பட்டவர்களிடமும் ஸ்கோர் நன்றாக வருகிறது என்றால், அது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை விலை கொடுத்து மறுபடி தெரிந்துகொள்வதுதான்.

ரத்தப் பரிசோதனை என்றால் இன்னும் கஷ்டம். அதிகம் பேசப்படுகிற இரண்டைச் சொல்கிறேன். ஜிஎஃப்ஏபி என்பது மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்குள் இருக்கும் புரதம், கிளியோபிளாஸ்டோமா உள்ளவர்களின் ரத்தத்தில் அது கசிந்து அதிகமாக இருக்கும், கட்டி பெரிதாக இருந்தால் அளவும் கூடும். ஆனால் மூளையில் எந்தக் காயம் பட்டாலும் அது கசியும். அமெரிக்காவில் 2018-ல் இதையும் இன்னொரு புரதத்தையும் சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள், எதற்குத் தெரியுமா? தலையில் அடிபட்டவர்களில் யாருக்கு சிடி ஸ்கேன் வேண்டும் என்று முடிவுசெய்ய. உங்கள் அண்ணனுக்கு இப்போதுதான் மூளையில் கத்தி பட்டிருக்கிறது. இந்த நேரத்தில் அளந்தால் கட்டியை அளக்கிறோமா காயத்தை அளக்கிறோமா என்று யார் சொல்வது? இன்னொன்று ஒய்கேஎல்-40. அது அதிகமாக இருப்பவர்களின் ஆயுள் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மூட்டு அழற்சியிலும் கல்லீரல் நோயிலும்கூட அது கூடும், வயதோடும் கூடும். போதாக்குறைக்கு மூளை வீக்கத்துக்காகப் பெரும்பாலானவர்களுக்கு டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். அது அழற்சியோடு சம்பந்தப்பட்ட பல புரதங்களை ஏற்றி இறக்கிவிடும். ஆக ஆபரேஷன் முடிந்து, ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்து ஆயுளைக் கணிப்பதற்கு இதைவிடத் தப்பான நேரம் கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. கட்டி மாறிக்கொண்டே இருக்கும். இஜிஎஃப்ஆர்விIII என்று ஒரு புரதம், கிளியோபிளாஸ்டோமாக்களில் ஒரு பகுதியில் மட்டும் காணப்படுவது. அதைக் குறிவைத்து ரிண்டோபெபிமட் என்று ஒரு தடுப்பூசி தயாரித்து, எழுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது, ஆயுள் கூடவில்லை. அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. நோய் திரும்பி வந்தபோது பலருடைய கட்டியில் அந்தப் புரதமே இல்லை, நிஜத் தடுப்பூசி போடாதவர்களிடமும் இல்லை. யாரும் விரட்டாமல் தானாகவே போயிருந்தது! முதல் ஆபரேஷனில், ஒரே இடத்தில் எடுத்த துண்டில் பார்த்த புரதத்தை வைத்து ஒன்றரை வருஷம் கழித்து நடக்கப்போவதைச் சொல்வது எவ்வளவு ஆட்டம் காணும் என்று இதிலிருந்து புரியும்.

அந்த லேபுக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கோர் அதிகமாக வந்தால் எந்த மருந்தை மாற்றுவீர்கள், குறைவாக வந்தால் எதை மாற்றுவீர்கள்?" தெளிவான பதில் வந்தால் அதை எனக்கு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். வராது என்றே நினைக்கிறேன். இதே லேப் எதையும் வசூலிக்காமல், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஆராய்ச்சிக்காக மாதிரி கேட்டால் அண்ணனுக்குச் சம்மதம் இருக்கும்பட்சத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். நாளைக்கு யாருக்காவது உதவும். ஆராய்ச்சியை ஆராய்ச்சி என்று சொல்லிச் செய்வதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, அதைச் சிகிச்சை மாதிரி விற்பதில்தான் சண்டை.

ஆயுள் எண்களைப் பற்றி. நீங்கள் நிச்சயம் இணையத்தில் தேடி '14.6 மாதம்' என்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 2005-ல் வந்த, இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமான ஆய்வின் எண். அது கெடு தேதி இல்லை, பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று அர்த்தம். அதே ஆய்வில் டெமோசோலோமைடு எடுத்தவர்களில் 26.5 சதவீதம் பேர் இரண்டு வருஷம் தாண்டினார்கள், 9.8 சதவீதம் பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். மாத்திரை இல்லாமல் ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் 1.9 சதவீதம்தான். மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது: அந்தக் காலத்தில் ஐடிஹெச் பற்றித் தெரியாது, அதனால் நீண்ட நாள் இருந்தவர்களில் சிலருக்கு இன்று வேறு பெயர் வைக்கும் நோய் இருந்திருக்கும். அண்ணனுக்குக் கட்டி முழுசாக எடுக்கப்படவில்லை என்பதும் பாதகமான பக்கத்தில்தான் சேரும். வயதும், அவர் நடமாடிக்கொண்டு தன் வேலைகளைத் தானே செய்துகொண்டால் அதுவும், சாதகமான பக்கம். குணமாகிவிடும் என்று நான் எழுத முடியாது. ஆனால் எந்தப் பக்கம் விழுவார் என்று எந்தப் புரதமும் இன்று உங்களிடம் சொல்லாது என்பதை உறுதியாக எழுத முடியும்.

அண்ணனிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடமே கேளுங்கள். "டாக்டர் சொல்கிற எல்லா விவரமும் உனக்குத் தெரிய வேண்டுமா, இல்லை சிகிச்சை பற்றி மட்டும் போதுமா?" என்று கேட்டால் அவர் மனசில் இருப்பது வந்துவிடும். சிலர் எண்ணைக் கேட்பார்கள், சிலர் பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று காரியத்தைக் கேட்பார்கள், சிலர் இப்போது வேண்டாம் என்பார்கள், அடுத்த மாதம் அவர்களே கேட்பார்கள். எண் கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்ல வேண்டாம், மேலே சொன்ன மாதிரி பாதிப் பேர், நாலில் ஒருவர், பத்தில் ஒருவர் என்று பரப்பாகச் சொல்லச் சொல்லி டாக்டரிடமே விட்டுவிடுங்கள். ஒன்றில் மட்டும் அவசரம் உண்டு. மூளையில் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பின்னால் பேச்சும் யோசனையும் தடுமாறலாம், ஆகவே அவர் தன் கையால் முடிவெடுக்க வேண்டிய பணம், சொத்து, சிகிச்சை விருப்பம் போன்றவற்றை இப்போது தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

சோதனை முடிவுகளுக்காக ரேடியேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். வழக்கமாக ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஆரம்பிப்பார்கள். ஐடிஹெச் சீக்வென்ஸிங்கும் மெத்திலேஷனும் அது பாட்டுக்கு நடக்கட்டும், ரேடியேஷனே ஆறு வாரம் நடக்கும், அதற்குள் முடிவு வந்துவிடும்.

கடைசியாக நீங்களும் பிள்ளைகளும். உங்களுக்கு எந்த டெஸ்டும் வேண்டாம். கிளியோபிளாஸ்டோமா பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. லி-ஃபிராமெனி, லிஞ்ச், நியூரோஃபைப்ரோமடோசிஸ் மாதிரி சில அரிய பரம்பரை நோய்களில் மட்டும் ஆபத்து கூடும். ரத்த சொந்தங்களில் பலருக்கு இளவயதிலேயே மார்பு, குடல், எலும்பு, ரத்தம் என்று புற்றுநோய்கள் வந்திருந்தால் அதை அண்ணனின் டாக்டரிடம் சொல்லுங்கள், மரபியல் ஆலோசனைக்கு அனுப்புவார். அப்படி எதுவும் இல்லையென்றால் பிள்ளைகளை ரத்தம் எடுக்கவோ ஸ்கேன் செய்யவோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.